பையில்லாத சுடிதாரும் மூன்று பீஸ் கட்டைகளும்

பணி அனுபவங்களைப் பணி ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும் என்று யாரோ முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. ஓய்வு பெற இன்னும் முப்பது வருடம் கிடக்கிறது. அதுவரை என்னால் பொறுக்க முடியாது. அதற்குள் கட்டணம் மாறிவிடும், கோர்ஸின் பெயர் மாறிவிடும், ஃபியூஸ் கம்பி மாட்டும் பீஸ் கட்டை என்ற சாமானே இல்லாமல் போனாலும் போய்விடும். உங்களுக்கோ இந்த மாதக் கடைசிக்குள் முடிவு தெரிய வேண்டும்.

எங்கள் மின்பணிப் பட்டறையில் இந்த ஆண்டு ஹெல்ப்பராகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும், தனித்தனியாக, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அக்கா, நாப்பத்தஞ்சு நாள் கோர்ஸுல சேரட்டா, ரெண்டு வருசம் ஐ.டி.ஐ. போகட்டா? இல்ல, இப்படியே உங்க கூட ஓடிக்கிட்டே கத்துக்கிடட்டா?" ஆறு டீ குடித்தும் நான் ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஒருவர் ஏணி உச்சியில் நின்று கேட்டார். இன்னொருவர் பஸ் கிளம்பிய பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டார். அதனால் எழுதிவிடுகிறேன். குடித்த டீக்காவது இது சரியாகப் போகட்டும்.

நான் இரண்டையும் படித்தவள். வரிசைதான் தப்பு.

எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில். அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. அம்மா பீடி சுற்றுவார். நான் ஆழ்வார்குறிச்சிக்குப் பஸ்ஸில் போய் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். கூடப் படித்தவர்கள் பி.எட்., அரசுத் தேர்வு, சென்னை என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வீட்டு டியூப் லைட் எரியாமல் போனது. மூன்று வருடம் ஓம் விதி படித்தவள் வீட்டில் இருக்க, பக்கத்துத் தெரு ஒயர்மேனைக் கூப்பிட்டோம். அவர் ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரை ஒரு திருகு திருகினார். எரிந்தது. அம்மா பீடித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அந்தப் பார்வையால்தான்.

அப்பா சொன்னார்: "இன்னும் ஒரு படிப்புக்குத்தான் என்னால ஆகும். எதுன்னு நீயே பாத்துக்க."

நான் கணக்குப் போட்டேன். நீங்கள் இப்போது போடுகிற அதே கணக்குதான். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் பெரிதில்லை, ஆனால் இரண்டு வருடம். தனியார் கோர்ஸில் கட்டணம் கனம், ஆனால் நாற்பத்தைந்தே நாள். இரண்டு வருடத்தைச் சம்பளமாக மாற்றிப் பார்த்தேன். ஐ.டி.ஐ.தான் அதிக விலை என்று வந்தது. அவசரக்காரிக்குப் பிடித்த விடை. நம்பிவிட்டேன்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி அறை. சுவர் முழுக்கப் பிளைவுட் பலகைகள். பலகை பலகையாக சுவிட்ச், ஹோல்டர், ஒரு மூலையில் மோட்டார். அங்கேதான் பேச்சிமுத்து அறிமுகமானான். மணிமுத்தாற்றுப் பையன், என் வயதுதான், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். முதல் பஸ்ஸைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்து, காற்றாடிக்குக் கீழே இடம் பிடித்துத் தூங்குவான். ஆனால் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் அவனை அடிக்க ஆளில்லை. நான் எழுதி வரைந்து முடிப்பதற்குள் அவன் பலகையில் விளக்கை எரியவைத்துவிட்டு, "என்ன மேடம், உங்க ஓம் விதி இன்னும் வந்து சேரலியா?" என்பான்.

கடைசி நாள் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழை லேமினேட் செய்து கொடுத்தார்கள். பேச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏ எசக்கி, இது நல்ல சாமான்ட்டி. கரண்டே கடத்தாது."

அந்தக் கோர்ஸ் மோசம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. என் கை ஓடியது அங்கேதான். பேனா தவிர எதையும் பிடிக்காத கை நாற்பத்தைந்து நாளில் ஒயர் சீவக் கற்றுக்கொண்டது. ஆனால் அந்த அறையில் மெயின் சுவிட்சைத் தொடுகிறவர் சார் ஒருவர்தான். எல்லோரும் கையை எடுத்தாச்சா என்று நாலு முறை கேட்டுவிட்டுப் போடுவார். வீட்டுக்காரர் இல்லை, பக்கத்து வயல்காரர் இல்லை, அவசரம் என்று ஓடிவருகிறவர் யாரும் இல்லை. அது எனக்கு அப்போது குறையாகத் தெரியவில்லை. வசதியாகத்தான் தெரிந்தது.

கோர்ஸ் முடிந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் சோலார் பேனல் பொருத்தும் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். இதற்கிடையில், அம்மா சும்மா இருக்காமல் எனக்காக ஐ.டி.ஐ.க்கும் ஒரு மனு போடவைத்திருந்தார். அதிலும் எலக்ட்ரீஷியன் பிரிவில் இடம் வந்துவிட்டது. மாதக் கடைசி நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். நான் யோசிக்கவே இல்லை. ஒன்றாம் தேதி வேலைக்குப் போகிறவளுக்கு முப்பத்தொன்றாம் தேதி ஐ.டி.ஐ.யில் என்ன வேலை?

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பேச்சி கூப்பிட்டான். ஆழ்வார்குறிச்சி தாண்டி வெள்ளப்பாண்டி அண்ணாச்சி என்று ஒரு விவசாயி, அவன் அப்பாவுக்குப் பழக்கம். அவர் வயல்கிணற்று மோட்டார் கடகடவென்று சத்தம் போடுகிறதாம், தண்ணீர் ஏறவில்லையாம். நாற்று பாவி மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. போய்ப் பார்த்தோம். மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங்கில் ரப்பர் தேய்ந்திருந்தது. மாற்றினால் சரியாகிவிடும்.

"நாளைக்கு இந்தப் பக்கம் மாதாந்திர மின்தடை" என்றேன் நான். "ரெண்டு மணி வரைக்கும் கரண்டே கிடையாது. நாளைக்கே செஞ்சிருவோம்." கரண்ட் இல்லாத நாளில் ஆபத்தும் இல்லை என்பது என் இயற்பியல். பேச்சிகூட, "பரவாயில்லியே, படிச்சவள்னு காட்டிட்டியே" என்றான்.

அந்தக் கிணற்றை நீங்கள் மனதில் பார்க்க வேண்டும். மேலே மோட்டார் ரூம், அதில் மெயின் பலகை. மோட்டார் மட்டும் கிணற்றுக்குள், படியிறங்கிப் போனால் பாதி ஆழத்தில் ஒரு சிமெண்ட் மேடையில். கீழே நிற்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே நிற்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. பலகையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தார் அண்ணாச்சி. கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும், வயலுக்கு நடந்து வந்து பொத்தானை அழுத்த வேண்டாம். நம் பக்கத்தில் பாதிக் கிணறுகளில் அதுதான்.

நான் முட்டாள் இல்லை. மெயின் பலகையில் செருகியிருந்த மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கினேன். அவற்றை எடுத்துவிட்டால் கரண்ட் வந்தாலும் மோட்டாருக்குப் போகாது. கோர்ஸில் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு கட்டைகூட விடாமல் பிடுங்கினேன். பிடுங்கி, மோட்டார் ரூம் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். வேறு எங்கே வைப்பேன்? சுடிதார் போட்டிருந்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டியிருந்தேன். கையில் ஸ்பேனர் செட்.

ஒரு மணி வாக்கில் மேலேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "ஏ பிள்ளைகளா, சோறு கொண்டாந்திருக்கேன். மேல வாங்க."

"இன்னும் ரெண்டே போல்ட்டு அண்ணாச்சி! முடிச்சிட்டு வாரோம்."

"பைய வாங்க. நான் போய் மடையத் தொறந்து வைக்கேன்."

அவர் மடைக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். ஜன்னல் விளிம்பில் மூன்று கட்டைகள் இருந்தன. சின்னப் பிள்ளைகள், மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் இவர்கள் ஏறிவிடுவார்கள், கரண்ட் வந்த நொடியில் தண்ணீர் நாற்றுக்குப் பாயட்டும். மூன்றையும் ஒழுங்காகச் செருகிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். எங்களுக்கு உதவி என்று நினைத்துத்தான் செய்தார்.

கரண்ட் அன்று ஒன்றரை மணிக்கே வந்துவிட்டது.

பேச்சி கடைசி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டு, வாஷர் வாங்க என் பக்கம் கையை நீட்டியிருந்தான். மோட்டார் ஒரு உறுமல் உறுமியது. ஸ்பேனர் பறந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் மூன்று கேட்டது. ஒன்று அவன் மணிக்கட்டில். ஒன்று கிணற்றுச் சுவரில். ஒன்று தண்ணீரில். எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்த பிறகுதான் மூச்சு வந்தது. திரும்பினால், மடையிலிருந்து அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மோட்டார் சத்தம் கேட்டுது தாயி! முடிச்சிட்டியளா?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அவர் பைக்கில் நடுவில் பேச்சி, பின்னால் நான், அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி. மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டு. கை நீட்டியிருந்ததால் விரல்கள் தப்பின. நீட்டாமல் போல்ட்டிலேயே இருந்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணாச்சி முதலில் அழுதார். பிறகு கோபம் வந்தது. "ஏட்டி, பீஸப் பிடுங்குனா கையோட வச்சுக்கிட வேண்டாமா? வெளிய கெடந்தா வெள்ளாம பாக்குற சம்சாரி என்ன செய்வான்? மாட்டத்தான செய்வான்! நாத்து காயுதுல்லா!"

கட்டிலில் கிடந்த பேச்சிதான் சொன்னான்: "அவ எங்க வச்சுக்கிடுவா அண்ணாச்சி? அந்தத் துணில பையே கெடையாதுல்லா."

மூன்று பேரும் என் சுடிதாரைப் பார்த்தோம். அந்த நிலைமையிலும் பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை வலித்து, "ஆத்தா" என்று கத்தினான். பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல. ஸ்பேனர்தான் கெணத்துக்குள்ள போச்சு. அது உன் ஸ்பேனரு" என்றான்.

ஒன்றாம் தேதி அவனால் வேலையில் சேர முடியாது. மாவுக்கட்டோடு யார் மாடியேற விடுவார்கள்? காண்ட்ராக்டர் எனக்கு போன் செய்து, "நீங்க மட்டும் வாங்கம்மா. அந்தத் தம்பி கை சரியானதும் வரட்டும்" என்றார். நல்ல மனிதர்தான். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்ல சார், நானும் வரல" என்றுதான் வந்தது.

பயம் என்று நினைக்காதீர்கள். எனக்குக் குடைந்தது வேறு. பீஸ் பிடுங்க எனக்குத் தெரிந்திருந்தது. பிடுங்கிய பீஸ் யாரிடம் இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. காய்கிற நாற்றை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நடமாடுவார் என்று என் வரைபடத்தில் இல்லை. சரி, இந்த ஒன்று தெரிந்துவிட்டது. இதைப் போல எனக்குத் தெரியாதவை இன்னும் எத்தனை? ஒவ்வொன்றையும் பேச்சியின் ஒவ்வோர் எலும்பில் கற்றுக்கொள்ள முடியுமா?

அப்பாவிடம் ஐ.டி.ஐ. போகிறேன் என்றேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு படிப்புன்னுதான சொன்னேன்?" என்றார். சக்கரத்தையும் துடைத்து முடித்துவிட்டு, "சரி, அந்த ஒண்ணு இதுதான்னு வச்சுக்கிடுவோம். மொதல்ல படிச்சத கணக்குல சேக்காண்டாம்" என்றார். முப்பத்தொன்றாம் தேதி மதியம், அலுவலகம் மூடும் முன்பு போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு வருடத்தில் என்னென்ன படித்தேன் என்று பட்டியல் போட மாட்டேன். சில மாதங்கள் மகா அலுப்பு. மூன்று வாரம் அரத்தால் இரும்பு ராவினோம். என்னைப் போல அவசரக்காரர்களுக்கு அது தண்டனை. ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு இரண்டு பேராக வேலை செய்வோம். யாராவது பீஸ் கட்டையைப் பிடுங்கி மேசையில் வைத்தால், எங்கள் சார் சத்தமே போடாமல் வந்து எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டிக்கொள்வார். அதோடு அன்றைய வேலை முடிந்தது. சாயங்காலம் கெஞ்சி வாங்க வேண்டும். கேட்டால், "மேசைல கெடந்துச்சு. எடுத்தேன். நீ எடுக்க மாட்டியா?" என்பார். வகுப்பில் என் கட்டை மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. சேர்ந்த வாரமே தையல்காரரிடம் போய் எல்லாச் சட்டைக்கும் பை வைத்திருந்தேன். "அப்படி என்னம்மா போடப் போற, கருங்கல்லா?" என்று கேட்டார் தையல்காரர். காடாத் துணியில் இரட்டைத் தையல் போடச் சொன்னேன்.

இனி நீங்கள் கேட்ட கணக்குக்கு வருகிறேன். உள்ளதைச் சொல்கிறேன்.

பேச்சி மாவுக்கட்டுப் பிரித்ததும் சோலார் வேலையில் சேர்ந்தான். நான் ஐ.டி.ஐ.யில் இருந்த இரண்டு வருடமும் சம்பாதித்தான். பைக் வாங்கினான். அதே பைக்கில் என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, "நல்லாப் படி பிள்ள" என்று கன்னத்தைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போவான். நான் படித்து, தொழில் பழகுநராக ஒரு வருடம் இருந்து, இந்தப் பட்டறைக்கு வந்தபோது என் சம்பளம் அவனுடையதைவிடக் குறைவு. அது தெரிந்த அன்று நான் சாப்பிடவில்லை. கணக்கு அங்கேயே நின்றிருந்தால் நாற்பத்தைந்து நாள்தான் லாபம்.

நிற்கவில்லை. ஒயர்மேன் லைசென்ஸ் வாங்கினேன். வேலையைப் பொறுப்பேற்றுச் செய்யும் இடத்துக்கு வந்தேன். அவன் அதே மாடிகளில் அதே பேனல்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைவிட வேலை தெரியாதவர்கள் அவனுக்கு உத்தரவு போட்டார்கள். ஒரு நாள் வந்து, "எசக்கி, அந்த லைசென்ஸ் பரிச்சைக்கு என்னெல்லாம் படிக்கணும்?" என்று கேட்டான். இப்போது நம் பட்டறையில் இருக்கிறான். பகலில் வேலை, வேலை முடிந்ததும் படிப்பு. உங்களுக்குத் தெரியும், இன்னும் காற்றாடிக்குக் கீழேதான் தூங்குகிறான்.

ஆக, வீட்டில் இரண்டு வருடம் உங்கள் சம்பளம் இல்லாமல் அடுப்பெரியும் என்றால், ஐ.டி.ஐ.க்குப் போங்கள். யோசிக்காதீர்கள். எரியாது என்றால், வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்களோடு ஓடுங்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே பரீட்சையைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சியைப் போலத் தாமதமாக விழிக்க வேண்டாம். நாற்பத்தைந்து நாள் கோர்ஸ் அடித்தளம் இருப்பவர்களுக்கு நல்ல மாடி. எங்கே சேர்ந்தாலும், கட்டணம் எவ்வளவு என்று கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: பயிற்சி நடக்கும்போது மெயினை யார் போடுவார், பீஸை யார் பிடுங்குவார்? எப்போதும் சார்தான் என்றால், அங்கே பாதிதான் கிடைக்கும்.

இவ்வளவு சொன்னதும், இரண்டு வருடம் படித்தவள் தப்பே செய்ய மாட்டாள் என்று தோன்றும். போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளப்பாண்டி அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். "ஏ தாயி, நீயும் அந்தப் பயலும் வந்து மண்டபத்துல கரண்டு வேலையப் பாத்துக்கிடணும். வேற ஆளுகிட்ட விட மாட்டேன்" என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். போனோம். மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் பாதி மண்டபத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில், முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, ஈ.பி. கரண்ட்டையும் ஜெனரேட்டரையும் மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சிலிருந்து புகை வந்தது. உடனே எல்லாவற்றையும் நிறுத்தினேன். உள்ளே ஒயர் கருகியிருந்தது. புது சுவிட்ச் பேச்சியின் பைக் பெட்டியிலேயே இருந்தது. அவன் மாற்ற உட்கார்ந்தான். ஈ.பி. பக்கத்து மூன்று பீஸ் கட்டைகள் என் வலது பையில். ஜெனரேட்டர் சாவி இடது பையில். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மண்டபத்தில் மின்விசிறி இல்லை, மைக் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்தார். "ஏம்மா, ஒரு பத்து நிமிசம் ஜெனரேட்டரப் போட்டு விடு. தாலி கட்டி முடிஞ்ச பெறவு நீ ஆற அமரப் பாரு."

"உள்ள ஆள் வேலை பாக்காங்க ஐயா. இப்ப போட முடியாது."

"நல்ல நேரம் போயிட்டுன்னா நீயா திருப்பிக் கொண்டாருவ?"

"முடியாது ஐயா." இந்தச் சொல்லை நடுங்காமல் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. சான்றிதழில் அதை எங்கேயும் அச்சடித்துக் கொடுக்கவில்லை.

அவர் முனகிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கம் ஒரே கூச்சல். ஜெனரேட்டர் இருப்பது பின்பக்கம். சாவி என் பையில். ஒரு சாவி என் பையில். மண்டபத்தில் இன்னொரு சாவி இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

டார்ச்சை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

மண்டப மேனேஜர் கையில் இரண்டாவது சாவி. அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி பட்டுச் சட்டை, பட்டு வேட்டியோடு அண்ணாச்சி, ஜெனரேட்டரை மறித்துக்கொண்டு நின்றார். நெற்றிச் சந்தனம் வியர்வையில் வழிந்து மூக்கு வரை வந்திருந்தது. சுற்றி அவர் சம்பந்தக்காரர்கள். மேனேஜர் கெஞ்சிக்கொண்டிருந்தார்: "அண்ணாச்சி, உங்க வீட்டுக் கல்யாணம் நல்லா நடக்கணும்னுதான் போடுதேன். எனக்கென்ன?"

"தெரியும்லே. நீ நல்லதுக்குத்தான் போடுத. நானும் அன்னைக்கு நல்லதுக்குத்தான் போட்டேன்." பிடித்த கையை இன்னும் இறுக்கினார். "உள்ள ஒரு பய கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அவன் எந்திச்சு வெளிய வந்து எம் மூஞ்சிக்கு முன்னால நிக்கணும். அதுவரைக்கும் எவனும் எதையும் போடப்படாது. மைக்கு இல்லாட்டி நாதசுரம் கேக்காதோ? ஊதச் சொல்லுங்க, வே!"

சம்பந்தி ஏதோ சொல்ல வந்தார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஜன்னலெல்லாம் தொறங்கப்பா. வெளிச்சம் வரட்டும்" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மேனேஜர் கையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதையும் பையில போடு தாயி."

போட்டேன். இடது பையில் இரண்டு சாவிகளும் உரசிச் சத்தம் போட்டன.

மைக் இல்லாமல் நாதசுரம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பலகை இருந்த அறைக்கு நான் திரும்பி வந்துகொண்டிருந்தபோது கெட்டிமேளம் கொட்டியது. அண்ணாச்சி வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணமேடைக்கு ஓடுவது தெரிந்தது. கல்யாணப் பத்திரிகைகளால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தி அட்சதை போட்டார்கள். பலகைக்குப் பின்னால் இருந்தவனுக்கு இது எதுவும் தெரியாது.

"ஏ எசக்கி! டார்ச்ச வச்சிட்டு எங்கட்டி போன? கல்யாணம் பாக்கவா?"

"ஆமால. பாத்துட்டேன்."

"எனக்கு ஒரு போல்ட்டு பாக்கி."

"பைய முடி. அவசரமில்ல."

இலை போடும்போது மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. சட்டையெல்லாம் கரியாக பேச்சி அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றான். அவர் அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போ, போயி மொதப் பந்தில உக்காரு" என்றார்.

என் படிப்புக்கு ஆன செலவை நான் பலமுறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. ஆனாலும் அன்று எனக்கு விட்டுப்போன பாடத்தை அவர்தான் முடித்துவைத்தார். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சேர்க்கை முடிய இன்னும் நாட்கள் இருக்கின்றன. வீட்டில் பேசுங்கள், சண்டை போடுங்கள், முடிவு எடுங்கள். நான்தான் வரிசை மாற்றிப் படித்துவிட்டேன், நீங்களாவது நேராகப் படியுங்கள். எதில் சேர்ந்தாலும், நாளை வேலைக்கு வரும்போது ஆண் பெண் எல்லோரும் சட்டையில் பை வைத்துத் தைத்துக்கொண்டு வாருங்கள். கனமான துணியில், இரட்டைத் தையல் போட்டு. ஒன்று போதாது. இரண்டு.